கெடு நின்ற 716 நாட்கள்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு என்றார். செங்கம் சாலையில் பஸ் சத்தம் அடங்கிவிட்டது. ரமணாசிரமத்தின் வாசற்கதவு சாத்தியிருந்தது. எப்போதும் அதன் எதிரே நிற்கும் ஆட்டோக்களையும் இளநீர் வண்டியையும் காணவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பேசியவர் அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவரை இழந்தவர், தனியாக வசிப்பவர்.

"புதுச்சேரி சார், கோர்ட்டையும் மூடிடுவாங்களா? எனக்கு அப்பீலுக்கு இன்னும் பத்து நாள்தான் சார் இருக்கு."

பக்கத்து மனைக்காரருக்கும் அவருக்கும் ஒரு நடைவழியைப் பற்றித் தகராறு. முன்சீப் கோர்ட்டில் அவர் தோற்றிருந்தார். மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. நகல் வாங்கிய நாட்களைக் கழித்துப் பார்த்தால் ஏப்ரல் 3-ஆம் தேதி முடிகிறது. வக்கீல் ஊரடங்குக்கு முன்பே சொந்த ஊருக்குப் போய்விட்டார். கேஸ் கட்டோ பூட்டிய அலுவலகத்துக்குள் இருக்கிறது.

அவர் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான் வக்கீல் அல்ல. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தின் வழக்குப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தீர்ப்பு வந்தால் அதன் தேதியைப் பதிவேட்டில் ஏற்றி, மேல்முறையீட்டின் கடைசி நாளைச் சிவப்பு மையில் எழுதி வைப்பது என் வேலை. நாள் எண்ணுவதே தொழில் என்று சொல்லலாம்.

அந்த வேலையைக் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்துதான். உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய ஒரு மேல்முறையீட்டில், நகல் நாட்களையெல்லாம் கழித்தபின் ஜூன் 30 முதல் 90 நாள் எண்ண வேண்டியிருந்தது. மூன்று மாதம்தானே என்று நான் செப்டம்பர் 30 என்று எழுதிவிட்டேன். ஜூலைக்கு 31, ஆகஸ்டுக்கு 31 என்பதை மறந்தேன். உண்மையான கடைசி நாள் செப்டம்பர் 28. இரண்டு நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மனு, பிரமாண வாக்குமூலம், மேலதிகாரியின் முன்னால் தலைகுனிவு. மனு ஏற்கப்பட்டது. ஆனால் அன்று முதல் நான் மாதக் கணக்குப் போட்டதில்லை. காலண்டரில் பென்சிலால் ஒவ்வொரு நாளாகக் குத்திக்கொண்டு போவேன்.

நான் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். அங்கே கெடுவுக்கு 'தெலே' என்பார்கள். ஒரு நாள் தாமதம், ஒரு எழுத்துப் பிழை போலத்தான், மதிப்பெண் போனது போனதுதான் என்பார் எங்கள் ஆசிரியர்.

சட்டத்திலும் கெடு அப்படித்தான். 1963-ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டம், வக்கீல்கள் லிமிட்டேஷன் என்பது, கெடு தாண்டிவிட்டால் எதிராளி வாய் திறக்காவிட்டாலும் நீதிபதியே வழக்கைத் தள்ளிவிட வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஒரு கருணை உண்டு. கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்தால் போதும். 5-ஆம் பிரிவில் இன்னொன்று: போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். என் இரண்டு நாட்களைக் காப்பாற்றியது அந்த 5-ஆம் பிரிவுதான்.

பொங்கல் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் இவை போதும். நாடே வீட்டுக்குள் இருக்கும்போது, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாமத மனு போட வேண்டுமென்றால் என்ன ஆகும்? அந்த மனுக்களை விசாரிக்கவே பல வருடம் போதாது.

கொள்ளைநோய் கோர்ட்டுகளுக்குப் புதிதல்ல. 1918-ல் இன்ஃப்ளூயன்சா பரவியபோது அமெரிக்க உச்ச நீதிமன்றம் அக்டோபர் மாத விசாரணைகளைத் தள்ளி வைத்தது. நம் நாட்டில் பம்பாயில் பிளேக் பரவியதை ஒட்டி 1897-ல் வந்த கொள்ளைநோய்ச் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். 2020-லும் அதைத்தான் எடுத்தார்கள். அரசுக்கு என்னென்ன அதிகாரம் என்று அது சொல்கிறது. கோர்ட்டுக்குப் போக முடியாதவனின் கெடு என்ன ஆகும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

அந்த ஒரு வரியை உச்ச நீதிமன்றம் எழுதியது. 2020 மார்ச் 23 அன்று, யாரும் மனுப் போடாமலே தானாக வழக்கை எடுத்துக்கொண்டு, தலைமை நீதிபதி எஸ்.ஏ. போப்டே தலைமையிலான அமர்வு ஓர் உத்தரவு போட்டது. மார்ச் 15 முதல் மறு உத்தரவு வரை எல்லாக் கோர்ட்டுகளிலும் தீர்ப்பாயங்களிலும் கெடு நீட்டிக்கப்படுகிறது என்பது அதன் சாரம். அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தில் போட்ட உத்தரவு. காலையில் பேப்பரில் படித்திருந்தேன்.

"அம்மா, நேத்தே டெல்லியில உத்தரவு போட்டுட்டாங்க. உங்க ஏப்ரல் 3 இப்போதைக்கு வராது. நிம்மதியா தூங்குங்க" என்றேன்.

"எழுத்துல இருக்கா சார்?" என்று கேட்டார். ஆசிரியை அல்லவா! மறுநாள் அந்தச் செய்தியைக் கத்தரித்து அவர் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த உத்தரவு பின்னால் பல முறை மாறியது. மே 6 அன்று செக் மோசடி வழக்குகளின் கெடுவும் அதில் சேர்ந்தது. 2021 மார்ச்சில், நோய் தணிந்தது என்று உத்தரவை முடித்தார்கள். இரண்டாம் அலை வந்தது. ஏப்ரல் 27 அன்று மறுபடி உயிர் கொடுத்தார்கள். செப்டம்பரில் மறுபடி முடித்தார்கள். ஒமைக்ரான் வந்தது. 2022 ஜனவரி 10 அன்று கடைசியாக ஒரே கணக்காகச் சொல்லிவிட்டார்கள்: 15.03.2020 முதல் 28.02.2022 வரை கெடுக் கணக்கில் சேராது. அந்த இடைவெளியில் கெடு முடிந்தவர்களுக்கு 2022 மார்ச் 1 முதல் 90 நாள். பென்சிலால் குத்தி எண்ணினேன். 716 நாட்கள்.

ஆனால் இந்தக் கருணைக்கு இரண்டு பக்கம் இருந்தது. மார்ச் 15-க்கு முன்பே கெடு முடிந்தவருக்கு இந்த உத்தரவால் பயனில்லை என்று உச்ச நீதிமன்றமே அந்த வருடம் செப்டம்பரில் சொல்லிவிட்டது. இன்னொன்று, கெடு நின்றால் தோற்றவருக்கு நல்லது, ஜெயித்தவருக்கு? கையில் தீர்ப்பை வைத்துக்கொண்டு, எதிராளி அப்பீல் போவாரா மாட்டாரா என்று தெரியாமல் இரண்டு வருடம் காத்திருந்தவர்கள் உண்டு. வாடகை வராத வீட்டுக்காரர், நஷ்ட ஈடு வராத விபத்துக் குடும்பம், ஜீவனாம்சம் வராத பெண். நம் ஆசிரியையின் எதிராளியும் அப்படிக் காத்திருந்தவர்தான் என்பதை நான் சொல்லத்தான் வேண்டும்.

கெடுவை நிறுத்தியாயிற்று. அவசர வழக்குகள்? அவற்றுக்குக் காணொலி வந்தது. ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கும் தானாக ஓர் உத்தரவு போட்டது. உயர்நீதிமன்றங்கள் காணொலிக்கு விதி வகுக்கலாம், வசதியில்லாத வழக்காடிகளுக்கு வசதி செய்து தர வேண்டும், இரு தரப்பும் சம்மதிக்காமல் காணொலியில் சாட்சியம் பதியக் கூடாது என்றது. சென்னை உயர்நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் நீதிபதிகள் வீட்டிலிருந்தே வழக்குக் கேட்டார்கள். ஏற்கெனவே அமலில் இருந்த இடைக்கால உத்தரவுகளையும் நீட்டித்தார்கள். சட்ட உதவிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சத்தீஸ்கரில் 2020 ஜூலை 11 அன்று மக்கள் நீதிமன்றத்தையே காணொலியில் நடத்தினார்கள். பிற மாநிலங்களும் அதைப் பின்பற்றின.

கோர்ட் ஆளைத் தேடி வருவது நம் பகுதிக்குப் பழைய செய்திதான். 1936-ல் ரமணாசிரமத்தின் நிர்வாகம் பற்றி ஒரு வழக்கு நடந்தது. பகவான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. 1896-ல் இந்த ஊருக்கு வந்தபின் அவர் எங்கும் போனவரல்ல. கோர்ட் ஒரு கமிஷன் அனுப்பியது. ஆசிரமத்திலேயே வைத்துக் கேள்வி கேட்டுப் பதில் எழுதிக்கொண்டு போனார்கள். வர முடியாத சாட்சியிடம் கமிஷன் போவதற்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடம் உண்டு. காணொலி அதன் பேரப்பிள்ளை என்று நான் நினைத்துக்கொள்வேன். 2003-லேயே உச்ச நீதிமன்றம் காணொலிச் சாட்சியம் செல்லும் என்று சொல்லியிருந்தது. கொரோனா வரும்வரை அது அபூர்வமாகவே நடந்தது.

ஆனால் அன்று கமிஷனில் வந்தவர்கள் ஆசிரமத்துக்கு நடந்து வந்தார்கள். 2020-ல் மக்கள் கையில் நல்ல போனும் சிக்னலும் இருந்தால்தான் கோர்ட் வந்தது. ஜமுனாமரத்தூர் மலைக் கிராமத்துக்காரர் என்ன செய்வார்? வக்கீல் குமாஸ்தாக்கள், கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர்கள், முத்திரைத்தாள் விற்பவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எல்லாருக்கும் அன்றாடப் பிழைப்பே போனது. வாய்தாவுக்கு ஆள் வந்தால்தானே அவர்களுக்கு டீக்காசு.

இதுவரை சொன்னது சொத்து, பணம், வழி, வேலி பற்றிய கெடு. இனிச் சொல்லப்போவது வேறு கெடு. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஒருவரைப் போலீஸ் கைது செய்து ரிமாண்டில் வைத்தால், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை போன்ற பெரிய குற்றங்களுக்கு 90 நாள். தவறினால், ஜாமீன் கேட்பவருக்கு ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) பிரிவு அது. குற்றம் செய்தாரா இல்லையா என்ற பேச்சே இதில் கிடையாது. நாள் கணக்கு மட்டும்தான்.

இப்போது கேள்வி: உச்ச நீதிமன்றம் எல்லாக் கெடுவையும் நிறுத்திவிட்டதே, போலீசின் இந்த 60 நாளும் 90 நாளும் நின்றுவிட்டனவா?

2020 மே மாதம் மதுரைக் கிளையில் சில நாள் இடைவெளியில் இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது. மே 8 அன்று ஒரு நீதிபதி, நிற்கவில்லை, ஜாமீன் உரிமை உரிமைதான் என்றார். சில நாளில் இன்னொரு வழக்கில் இன்னொரு நீதிபதி, நின்றுவிட்டது என்று ஜாமீனை மறுத்தார். ஊரடங்கில் போலீஸ் எப்படி வேலை முடிக்கும் என்பது அந்தப் பக்கத்து வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படும். நானே முதலில் படித்தபோது, எனக்கு நின்ற கெடு போலீசுக்கும் நிற்பதில் என்ன தப்பு என்று ஒரு கணம் நினைத்தேன்.

அதே நாட்களில் பிரெஞ்சுச் செய்திகளையும் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஒட்டிய பழக்கம் போகவில்லை. பிரான்சில் அரசு மார்ச் 25 அன்று அவசர ஆணைகள் போட்டது. அங்கேயும் மார்ச் 12 முதல் ஜூன் 23 வரை 'தெலே' நின்றது. நம்முடையது 716 நாள், அவர்களுடையது 104 நாள். அதோடு நிற்கவில்லை. விசாரணைக் கைதிகளின் காவலும் நீதிபதி முன் போகாமலே தானாக இரண்டு மாதம், மூன்று மாதம், பெரிய குற்றங்களுக்கு ஆறு மாதம் என்று நீளும் என்று இன்னொரு ஆணை. மனித உரிமைப் பிரகடனம் எழுதிய நாடு! வகுப்பில் அதை மனப்பாடமாக ஒப்பித்த எனக்கு அது கஷ்டமாக இருந்தது. மே 26 அன்று அவர்களுடைய உச்ச மன்றம், சீக்கிரம் ஒரு நீதிபதி பார்த்து உறுதி செய்யாவிட்டால் அந்த நீட்டிப்பு செல்லாது என்றது. அரசியல் சாசன மன்றம் அந்த ஏற்பாடு சாசனத்துக்கு விரோதம் என்று சொன்னது 2021 ஜனவரி 29 அன்று. ஆணை வந்து பத்து மாதம் கழித்து.

நம் உச்ச நீதிமன்றம் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. மதுரைக் கிளையின் இரண்டாம் தீர்ப்பு அங்கே போனது. 2020 ஜூன் 19 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர். ஷா, வி. ராமசுப்பிரமணியன் அடங்கிய அமர்வு அதை ரத்து செய்தது. மார்ச் 23 உத்தரவு, வழக்காடிகள் கோர்ட்டுக்கு ஓடி வந்து சிரமப்படக் கூடாது என்பதற்காகப் போட்டது. சிறையில் இருப்பவனை இன்னும் சில நாள் வைத்திருக்கப் போலீசுக்குக் கொடுத்த சலுகை அல்ல என்றது. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், ஆள் சுதந்திரத்தைக் கைவிட்ட பழைய தீர்ப்பையும் நினைவுபடுத்தியது. ஊரடங்கு ஒன்றும் நெருக்கடி நிலை அல்ல என்றும் சொன்னது. தமிழ்நாட்டுக் கைதி ஒருவரின் ஜாமீன் மனு, நாடு முழுவதற்கும் சட்டமானது.

அந்த ஜூன் 19-ஆம் தேதியை என்னால் மறக்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. டெல்லியில் அந்தத் தீர்ப்பு வந்த அதே நாள் மாலை, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஒரு செல்போன் கடைக்காரரையும் அவர் தகப்பனாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது புகார். இருவரும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 அன்று தகப்பனார் இறந்தார். கைதான ஆளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது எதற்காக? அவர் உடம்பைப் பார்த்து, அடித்தார்களா என்று கேட்பதற்காக. அந்த ஒரு நிமிடம் சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாடு பார்த்தது.

அதே மதுரைக் கிளை இந்த வழக்கைத் தானாக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை நேரில் போய் விசாரிக்கச் சொன்னது. அவருக்கு ஸ்டேஷனில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், அந்தப் போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. இது நம் நாட்டில் கேள்விப்படாத உத்தரவு. அப்போதும் ஊரடங்கு இருந்தது, நோய் இருந்தது. செய்ய வேண்டும் என்று நினைத்தபோது முடிந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கெடுவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நம் மேல் சட்டம் வைக்கும் கெடு. இத்தனை நாளுக்குள் வா, இல்லாவிட்டால் உன் உரிமை போயிற்று என்பது. கொள்ளைநோய் வந்தால் அதை நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். இன்னொன்று, அரசாங்கத்தின் மேல் சட்டம் வைக்கும் கெடு. இத்தனை நாளுக்குள் குற்றம் என்னவென்று சொல், இல்லாவிட்டால் ஆளை விடு என்பது. அதை நிறுத்தினால், நோய்க்குப் பயந்து கதவைப் பூட்டும்போது உள்ளே ஆள் இருப்பதை மறந்துபோன கதையாகிவிடும். நாற்பது வருடத்துக்குக் கிட்ட அரசாங்கத்தின் பக்கம் உட்கார்ந்து நாள் எண்ணிய எனக்கு, இந்த வித்தியாசம் எழுபது வயதில்தான் புரிந்தது.

நம் ஆசிரியை விஷயத்துக்கு வருகிறேன். கெடு நிற்கிறதே என்று அவரைச் சும்மா இருக்க நான் விடவில்லை. "இது தள்ளி வச்சதுதான் அம்மா, தள்ளுபடி இல்லை" என்று நச்சரித்தேன். வக்கீல் ஊர் திரும்பியதும், அந்த வருடம் கார்த்திகைக்கு முன்பே அப்பீலைத் தாக்கல் செய்துவிட்டார். கார்த்திகை தீபம் நவம்பர் 29 அன்று வந்தது. வெளியூர் மக்களும் இல்லை, கிரிவலமும் இல்லை. அவரவர் மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டோம். அவர் தம் மாடியிலிருந்து கையசைத்து, "சார், அப்பீலுக்கு நம்பர் ஆயிடுச்சு!" என்று கத்தினார்.

அந்த வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. நடைவழியில் இரண்டு வீட்டாரும் நடக்கலாம் என்று. இரண்டு வருடம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தவர்கள், இரண்டாம் அலையில் ஒரு வீட்டில் ஆக்சிஜன் தேடியபோது மறு வீட்டுக்காரர் கார் கொடுத்திருந்தார். அதன்பின் வழக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வாசகர்களுக்கு என் வழக்கமான இரண்டு வார்த்தை. கெடுவை மாதத்தில் எண்ணாதீர்கள், நாளில் எண்ணுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாராவது சொன்னால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. இது 1987-ஆம் வருடத்துச் சட்டம் கொடுத்த உரிமை. கொரோனா வந்தபோதும் அது நிற்கவில்லை.